காத்திருப்பிலும் வர்க்கம் உண்டு

2025 ஆகஸ்ட் 22 அன்று மேற்கு வங்கக் கூட்டு நுழைவுத் தேர்வின் முடிவுகள் வெளியாயின. தேர்வு நடந்த நாள் ஏப்ரல் 27. இடையில் ஓடியவை 117 நாள்கள். முந்தைய ஆண்டு ஏப்ரல் 28இல் தேர்வெழுதிய மாணவர்களுக்கு ஜூன் 6இலேயே முடிவு தெரிந்துவிட்டது. அவர்கள் காத்திருந்தது 39 நாள்கள்தான். கலை, அறிவியல் பட்டப் படிப்புகளின் நிலையும் இதற்குச் சளைத்ததல்ல. மாநில மேல்நிலைத் தேர்வு முடிவுகள் மே 7இல் வந்துவிட்டன. அரசின் ஒருங்கிணைந்த சேர்க்கை இணையதளமோ ஜூன் 17இல்தான் திறந்தது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. 2024இல் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வகுப்புகளே தொடங்கிவிட்டன. 2025இல் அதே வாரத்தில் பட்டியல்கூட வந்திருக்கவில்லை.

நுழைவுத் தேர்வெழுதியோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். மேல்நிலைத் தேர்வெழுதியோர் சுமார் 4.7 லட்சம், அவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் தேர்ச்சி பெற்றனர். இந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. டிட்டாகர் சணல் ஆலைத் தொழிலாளியின் வீடு, கானிங் ரயிலில் விடியுமுன் ஏறிப் பாலிகஞ்சில் இறங்கி நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாயின் வீடு, சால்ட் லேக்கின் அரசு ஊழியர் வீடு, லேக் மார்க்கெட் பகுதியில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்தின் வீடு. எல்லா வீடுகளிலும் இரவில் ஒரே கேள்விதான்: பட்டியல் வந்ததா? ஆனால் அந்தக் கேள்வியின் விலை எல்லா வீடுகளிலும் ஒன்றாக இருக்கவில்லை.

நாளேடுகளின் வாழ்க்கைப் பக்கங்கள் ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் பெற்றோருக்கு அறிவுரை வழங்குகின்றன. பதறாதீர்கள், பிள்ளையிடம் பொறுமையாகப் பேசுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், மாற்றுத் திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். முதல் மூன்றும் நல்ல அறிவுரைகள், காசு கேட்காதவை. நான்காவதுதான் இடிக்கிறது. மாற்றுத் திட்டம் என்பது தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டி ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் முன்பணத்தை விட்டுவிட்டு வருவது. அதாவது, போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய ஒரு தொகை வீட்டில் இருக்க வேண்டும். சணல் ஆலையில் வாரக்கூலி வாங்குபவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

தாமதம் எங்கே பிறந்தது

காத்திருப்பு வானத்திலிருந்து விழவில்லை. 2024 மே 22 அன்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 77 சமூகப் பிரிவுகளுக்கு வழங்கப்பட்டிருந்த இதர பிற்படுத்தப்பட்டோர் தகுதியை ரத்து செய்தது. இவற்றில் 42 பிரிவுகள் 2010இல் இடது முன்னணி அரசின் காலத்தில் சேர்க்கப்பட்டவை. 35 பிரிவுகள் 2012இல் திரிணாமூல் அரசு சேர்த்தவை. பெரும்பாலானவை முஸ்லிம் உழைப்பாளிச் சமூகங்கள். ஆய்வு முறையாக நடக்கவில்லை, பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தை உரியபடி கலந்தாலோசிக்கவில்லை என்பன நீதிமன்றம் சுட்டிய குறைகளில் முக்கியமானவை. 2010க்கு முன் பட்டியலில் இருந்த 66 பிரிவுகளின் தகுதி தொட்டுப் பார்க்கப்படவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாளே மாநில அரசு செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: வீடு வீடாகச் சென்று, கல்வி, தொழில், நிலம், வருமானம் ஆகியவற்றைப் பதிவுசெய்து, எவரும் அசைக்க முடியாத ஒரு கணக்கெடுப்பை நடத்தி முடிப்பது. அரசு உச்சநீதிமன்றத்துக்குப் போனது, அது தவறல்ல. ஆனால் புதிய கணக்கெடுப்பு நடத்தப்போவதாகவும் மூன்று மாதத்தில் முடியும் என்றும் அது உச்சநீதிமன்றத்தில் சொன்னது 2025 மார்ச்சில். பத்து மாதங்கள் வீணாயின. ஜூனில் 140 பிரிவுகள் கொண்ட புதிய பட்டியல் அவசர அவசரமாக அறிவிக்கப்பட்டது. ஜூன் 17 அன்று, அதாவது சேர்க்கை இணையதளம் திறந்த அதே நாளில், உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 28இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. ஆகஸ்ட் 7இல் உயர்நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, பழைய 66 பிரிவுகளுக்கு 7 சதவீதம் என்ற அடிப்படையில் நுழைவுத் தேர்வின் தகுதிப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22இல் உச்சநீதிமன்றம் அதையும் நிறுத்திவைத்தது. அன்றே முடிவுகள் வந்தன. இந்தத் தேதிகளை வரிசையாகப் படிப்பதற்கே மூச்சு வாங்குகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று இவற்றை ஒவ்வொரு நாளாக வாழ்ந்து கடந்திருக்கிறது.

வழக்கு நிலுவையில் இருந்தபோதும் செய்யக்கூடியவை இருந்தன. தரவரிசை என்பது மதிப்பெண்ணின் வரிசை. யார் எத்தனையாவது இடம் என்பதை அறிவிக்க எந்தச் சாதிப் பட்டியலும் தேவையில்லை. சர்ச்சைக்குள்ளான இடங்களைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, பொதுப் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கான சேர்க்கையை இறுதித் தீர்ப்புக்கு உட்பட்டதாக நடத்தியிருக்கலாம். யாருடைய உரிமையும் பறிபோயிருக்காது. பெற்றோரிடம், இன்ன காரணத்தால் இத்தனை நாள் ஆகும் என்று ஓர் அமைச்சர் நேராக நின்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைசி நாள் நீட்டிப்பு அறிவிப்புகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

இடதுசாரிகளும் ஒன்றை மறைக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும். வங்க முஸ்லிம்களின் பின்தங்கிய நிலையைச் சச்சார் குழு 2006இல் எடுத்துக்காட்டியது. இடது முன்னணி அரசு இடஒதுக்கீட்டை அறிவித்தது 2010 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்கு ஓராண்டே இருந்தபோது. முடிவு சரியானது, அது அரசியல் துணிவும்கூட. ஆனால் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளை அடித்தளக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தியிருந்தால், பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றம் அதை அவசர வேலை என்று தள்ளிவிடும் வாய்ப்பு இவ்வளவு எளிதாக அமைந்திருக்காது.

யார் காத்திருந்தார்கள்

இடப் பற்றாக்குறையால் வந்த காத்திருப்பு அல்ல இது. அங்குதான் இதன் கொடுமை இருக்கிறது. மேற்கு வங்க ஒருங்கிணைந்த இணையதளத்தின் கீழ் வரும் கல்லூரிகள் 450க்கும் மேல். இடங்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். மேல்நிலைத் தேர்ச்சி பெற்றோரின் எண்ணிக்கையைப்போல் இது இரண்டு மடங்கு. இடம் காலியாகக் கிடக்கிறது, பிள்ளை வாசலில் நிற்கிறது, கதவின் சாவி வழக்குக் கட்டுக்குள் கிடக்கிறது.

வசதியுள்ள வீடுகளின் பிள்ளைகள் நிற்கவில்லை. ஐ.எஸ்.சி. முடிவுகள் ஏப்ரல் கடைசியிலும் சி.பி.எஸ்.இ. முடிவுகள் மே 13இலும் வந்துவிட்டன. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நிறுவனங்களுக்கான கலந்தாய்வு ஜூனிலேயே தொடங்கிவிட்டது. மாநில இணையதளத்துக்கு வெளியே இருந்த தனியார், சிறுபான்மை, தன்னாட்சிக் கல்லூரிகள் தம் போக்கில் சேர்க்கை நடத்தின. புவனேஸ்வரம், பெங்களூரு, சென்னைப் புறநகர் ஆகிய இடங்களின் தனியார் பல்கலைக்கழகங்களுக்குக் கொல்கத்தாவின் நடுத்தர வர்க்கம் பெட்டி கட்டியது. அப்படி அனுப்பிய பெற்றோரும் மகிழ்ச்சியோடு அனுப்பவில்லை. வருங்கால வைப்பு நிதியை உருவியவர்களும் நகையை வைத்தவர்களும் அவர்களில் உண்டு. மாநில அரசின் மாணவர் கடன் அட்டைத் திட்டம் 2021 முதல் நடப்பில் உள்ளது; பத்து லட்சம் ரூபாய் வரை, 4 சதவீத எளிய வட்டிக்கு. அரசுக் கல்லூரிப் பட்டியலைத் தாமதப்படுத்தும் அரசே தனியார் கல்லூரிக்குக் கட்டணம் செலுத்தக் கடனும் ஏற்பாடு செய்து தருகிறது என்றால், அந்த ஏற்பாட்டில் ஆதாயம் யாருக்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

எஞ்சி நின்றவர்கள் யார்? மாநிலப் பாடத்திட்டத்தில் வங்க மொழிவழி படித்தவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவர்கள், ஜாதவ்பூர் அல்லது பிரசிடென்சி கிடைத்தால் மட்டுமே நல்ல படிப்பு படிக்க முடிகிறவர்கள். ஜாதவ்பூர் போன்ற அரசு நிறுவனத்தின் பொறியியல் கட்டணம் ஏழை வீட்டுக்கும் எட்டும். அந்த ஒரு வாய்ப்புக்காகத்தான் அவர்கள் 117 நாள் நின்றார்கள்.

பெண் பிள்ளைகளின் காத்திருப்பு வேறு வகை. மேற்கு வங்கத்தில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 41.6 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. இத்தகைய மண்ணில், பள்ளி முடித்த பெண் நான்கு மாதம் வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை முர்ஷிதாபாத்திலும் தெற்கு 24 பர்கானாவிலும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். உறவினர்கள் வரன் கொண்டு வருவார்கள். கல்லூரிப் பட்டியல் அடுத்த வாரம் வரும் என்று தாய் எத்தனை வாரம் சொல்வாள்? போதாக்குறைக்கு அந்தக் கோடையிலேயே, ஜூன் 25 அன்று, தெற்குக் கொல்கத்தாவின் கஸ்பாவிலுள்ள சட்டக் கல்லூரி வளாகத்திற்குள் ஒரு மாணவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. முதன்மைக் குற்றவாளியாகக் கைதானவர் ஆளும் கட்சியின் மாணவர் அமைப்போடு தொடர்புடையவர். ஆர்.ஜி. கர் மருத்துவமனைக் கொடுமை நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். படிக்க அனுப்புவதா வேண்டாமா என்று தயங்கிய ஒரு தகப்பனுக்கு, அனுப்பாமல் இருக்க அரசே காரணம் தேடிக்கொடுத்தது போலாயிற்று.

ஆண் பிள்ளைகள் ரயில் ஏறினார்கள். இதைத் தமிழ்நாட்டுத் தோழர்கள் நேரில் அறிவார்கள். ஷாலிமாரிலிருந்து புறப்படும் கோரமண்டல் விரைவு வண்டியின் பொதுப் பெட்டியில் வருகிறவர்களில் பதினெட்டு, பத்தொன்பது வயதினர் எத்தனை பேர்! திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் அவர்கள் வேலை செய்கிறார்கள். இரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டுப் பட்டியல் வந்ததும் திரும்பலாம் என்று கிளம்புகிறவன் திரும்புவது அரிது. முதல் மாதச் சம்பளம் வீட்டுக்குப் போனதும் வீடு அதை நம்பத் தொடங்கிவிடும். அதே மாதங்களில்தான் பாஜக ஆளும் மாநிலங்களில் வங்க மொழி பேசும் தொழிலாளர்கள் வங்கதேசத்தவர் என்று முத்திரை குத்தப்பட்டு அடைத்து வைக்கப்பட்டார்கள். கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்க வேண்டிய வயதில், குடியுரிமைக்குச் சான்று கேட்டு ஒருவன் காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டான்.

வீட்டுக்குள் நுழைந்த நஞ்சு

காத்திருக்கும் வீட்டில் விளக்கம் ஒன்று தேவைப்படுகிறது. பிள்ளை முதலில் தன்னைத்தான் குற்றம் சாட்டிக்கொள்கிறது: இன்னும் நாலு கணக்கு சரியாகப் போட்டிருந்தால் இந்தத் தவிப்பு இல்லையே என்று. அந்தத் தாமதத்துக்கும் அதன் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் வேறொரு விளக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முஸ்லிம்களுக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் உன் பட்டியலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பாஜகவின் வாட்ஸ்அப் குழுக்கள் தேநீர்க் கடை முதல் குடியிருப்புச் சங்கம் வரை பரப்பின. 2024 மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டங்களில் அதன் தலைவர்கள் மேடைதோறும் சொன்னதைத்தான் இப்போது பட்டியலுக்காகக் காத்திருக்கும் வீடுகளில் விற்றார்கள். பசித்த வயிற்றில் மது ஏறுவது போலக் கவலை கொண்ட மனதில் இது விரைவாக ஏறும்.

உண்மை என்ன? அந்த 77 பிரிவுகளின் பிள்ளைகள் யாரையும் காக்க வைக்கவில்லை. அவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். அதிலும் கையில் இருந்த சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் நின்றார்கள். மெட்டியாபுரூஸின் தையல்காரர் மகனும் பெஹாலாவின் எழுத்தர் மகளும் ஒரே இணையதளத்தை ஒரே இரவில் திறந்து பார்த்து ஏமாந்தவர்கள். இதை ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ உட்கார்ந்து விளக்குவதுதான் அந்தக் கோடையில் கொல்கத்தாவின் ஒவ்வொரு பகுதிக் குழுவும் செய்திருக்க வேண்டிய முதல் வேலை. சில இடங்களில் நடந்தது. பல இடங்களில் கண்டன அறிக்கையோடு நின்றுவிட்டது. பட்டியல் எப்போது வரும் என்ற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும், ஏன் வரவில்லை என்ற கேள்விக்குச் சரியான பதில் வீட்டுக்கு வந்துவிட்டால், பிள்ளையின் மனச்சுமை பாதி இறங்கும். பக்கத்துத் தெருவின் மீதான வெறுப்பும் உள்ளே வராது. மனநல ஆலோசகரின் வேலையும் அரசியல் ஊழியரின் வேலையும் ஒன்றாகச் சேர்கிற அபூர்வமான இடம் இது.

இன்னொரு நினைவும் தேவை. படித்தால் வேலை உண்டு என்பதுதான் பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லிவந்த ஆறுதல். 2025 ஏப்ரல் 3 அன்று உச்சநீதிமன்றம் மாநிலத்தின் 25,753 பள்ளி ஆசிரியர், ஊழியர் பணி நியமனங்களை ரத்து செய்தது. லஞ்சம் கொடுத்து வந்தவர்களோடு நேர்மையாகத் தேர்வெழுதி வந்தவர்களும் தெருவுக்கு வந்தார்கள். தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் மே மாதத்தில் சால்ட் லேக்கின் விகாஸ் பவன் முன்னால் காவல்துறைத் தடியடி வாங்கியதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம் தாய் எந்த ஆறுதலைச் சொல்வாள்?

தமிழ்நாடு இந்தக் காத்திருப்பை அறியாத மாநிலமல்ல. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வழங்கும் மசோதா 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் ஒரு மாதத்துக்கு மேல் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீட் முடிவுகள் அக்டோபர் 16இல் வந்த பிறகும் கையெழுத்து வரவில்லை. கட்சிகளும் மாணவர் அமைப்புகளும் வீதிக்கு வந்தன; மாநில அரசு அக்டோபர் 29இல் அரசாணை பிறப்பித்தது; மறுநாள் ஆளுநரின் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13இல் இங்கிலாந்தில் ஒரு கணினிக் கணக்கீடு பள்ளி இறுதி மதிப்பெண்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தைக் குறைத்துப் போட்டது. ஏழைப் பகுதிகளின் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் அதிகம் அடிபட்டார்கள். பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில் அரசு பின்வாங்கியது. கொல்கத்தாவிலும் முன்மாதிரி உண்டு. 2018 ஜூலையில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் கலைப் பிரிவுகளின் நுழைவுத் தேர்வைத் திடீரென ரத்து செய்தபோது மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

2025இல் ஏன் அந்த அளவு எழுச்சி வரவில்லை? வழக்கு என்ற சொல் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டது ஒரு காரணம். கல்லூரிகளில் 2017க்குப் பிறகு மாணவர் சங்கத் தேர்தல்கள் பெரும்பாலும் நடத்தப்படாதது இன்னொரு காரணம். காத்திருப்பவர்கள் பள்ளியை விட்டு வெளியேறிவிட்டவர்கள், கல்லூரிக்குள் இன்னும் நுழையாதவர்கள். எந்தச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுடைய பெற்றோர் பெயர் தொழிற்சங்கங்களின் பட்டியலில் இருக்கிறது. சணல் ஆலை வாயிலிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் வீட்டுப் பணியாளர் சங்கத்திலும் இந்தக் கோரிக்கை எழுப்பப்பட்டிருந்தால் அது வேறு பலம் பெற்றிருக்கும்.

முடிவுகள் வந்துவிட்டதால் கணக்கு முடிந்துவிடவில்லை. தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டிய பெற்றோருக்கு, அரசு இடம் கிடைத்து விலகும்போது, அந்தத் தொகை முழுவதும் திரும்ப வர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் முதல் பருவத்தைச் சுருக்கி, மூன்று மாதப் பாடத்தை ஆறு வாரத்தில் திணித்துத் தேர்வு வைக்க அனுமதிக்கக் கூடாது. மேல்நிலைத் தேர்ச்சி பெற்றும் எந்தக் கல்லூரியிலும் சேராதவர்களின் பட்டியலைப் பள்ளிவாரியாக அரசு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பகுதிக் குழுக்களே எடுக்கலாம், ஒரு வட்டாரத்துக்கு நான்கைந்து பள்ளிகள்தான். திருப்பூரிலும் அம்பத்தூரிலும் புலம்பெயர் தொழிலாளரிடையே பணியாற்றும் தோழர்கள் தங்கள் பகுதியில் இந்தக் கோடையில் புதிதாக வந்திறங்கிய வங்க இளைஞர்களிடம், மேல்நிலைத் தேர்வு எழுதினாயா, பட்டியல் வந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். அவனுடைய தாயின் தொலைபேசி எண் அவனிடம் இருக்கும். காலியாகக் கிடக்கும் இடங்களில் ஒன்று அவன் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியிலும் இருக்கும்.